சங்கத்தின் பழைய கோப்புகள் திறக்கின்றன, ஆனால் தமிழ் தெரியவில்லை: உதவி தேவை

நெசவுக்கணக்கர் (திங்கள் காலை)

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1997 முதல் 2006 வரை நிர்வாகக் குழுத் தீர்மானங்களையும் உறுப்பினர் பட்டியல்களையும் என் கையால் கணினியில் தட்டச்சு செய்து வைத்தேன். கையெழுத்துத் தீர்மானப் புத்தகங்கள் கூரை ஒழுகி நனைந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிப் போய்விட்டன. மிஞ்சியிருப்பது கணினிக் கோப்புகள் மட்டுமே.

பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் புதிய கணினிக்கு மாற்றிவிட்டேன். கோப்புகள் திறக்கின்றன. 2001க்குப் பிந்தையவற்றில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடக்கின்றன. அதற்கு முந்தையவற்றில் தலைக்கு மேல் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். முந்தைய மென்பொருளை அன்று விலை கொடுத்து வாங்கினோம். பிரிண்டர் செருகும் இடத்தில் டாங்கிள் என்ற சிறு பூட்டுக் கருவியைப் பொருத்தினால்தான் அது இயங்கும். அந்த நிறுவனம் மூடி வெகுகாலமாகிவிட்டது, டாங்கிளும் பழுதாகிவிட்டது.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. மறைந்துபோன உறுப்பினர் ஒருவரின் மனைவி, கணவருக்கு வரவேண்டிய சிக்கன நிதித் தொகைக்காக அலைந்துகொண்டிருக்கிறார். அவர் உறுப்பினராகச் சேர்ந்ததும் பிடித்தம் தொடங்கியதும் 1999ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் இருக்கின்றன. தட்டச்சு செய்த எனக்கே இன்று அதை வாசிக்க முடியவில்லை.

பனையோலை (திங்கள் பகல்)

வணக்கம் ஐயா. முதலில் ஒன்று செய்யுங்கள். எல்லாக் கோப்புகளுக்கும் ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள். மூலக் கோப்பைத் திறந்து எதையும் சேமிக்க வேண்டாம்.

பிந்தைய தொகுதியில் ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தைப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வரிசையாக இருந்தால் அது பாமினி எழுத்துரு. கனடாவில் இருக்கும் என் வீட்டிலும் அப்பாவின் கடிதங்கள், ஊர்ச் சங்க மலர்கள் எல்லாம் பாமினியில்தான் கிடக்கின்றன. ஈழத்தவர் வீடுகளில் இது சாதாரணம். அதை மீட்பது கடினமில்லை.

எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கணினிக்குச் சொல்லும் அட்டவணைதான் குறியேற்றம். முந்தைய தொகுதி டிஸ்கி, டேப் என்ற குறியேற்றங்களில் ஒன்றாக இருந்தால் நல்லது. இரண்டுக்கும் அட்டவணைகள் பொதுவில் கிடைக்கின்றன. அந்த நிறுவனம் தனக்கென்று வகுத்த குறியேற்றமாக இருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும். எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் வருகிறது என்று எழுதுங்கள்.

செங்காந்தள் (திங்கள் மாலை)

ஐயாவின் பதிவைப் படித்து மனம் கனத்துவிட்டது. நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். கல்லூரியில் பொருளியல் கற்பிப்பவன். இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று மட்டும் கடந்துபோக எனக்கு மனமில்லை.

தமிழ் எழுத்து எவருடைய சொத்தும் அல்ல. ஆனால் ‘க’வுக்கு எந்த எண் என்ற அட்டவணை ஒருவரின் சொத்தாகிவிட்டது. அந்த அட்டவணை பூட்டப்பட்டதால் ஓர் உழைப்பாளியின் வரவு அவர் குடும்பத்துக்கே வாசிக்க முடியாததாகிவிட்டது. ஊர்ப் புறம்போக்கை வேலி போட்டு வளைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? குறியேற்றத்தை 1980களிலேயே அரசு சட்டமாக்கியிருக்க வேண்டும். சந்தையிடம் விட்டதால் கடைக்கு ஒரு தமிழ் முளைத்தது.

சந்தைமேடு (திங்கள் இரவு)

தோழரின் கோபம் புரிகிறது, ஆனால் வரலாறு அவர் சொல்வதுபோல் இல்லை. அரசு செய்யத் தவறிய காலத்தில் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் தனிமனிதர்களும் சிறு நிறுவனங்களும்தாம். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1985இல் தொடங்கியபோது எந்த அரசாணையும் அவர் கையில் இல்லை. எழுத்துரு வரைவது மாதக்கணக்கான உழைப்பு. அதை விற்று வாழக்கூடாதென்றால் யார் வரைந்திருப்பார்கள்?

அரசு தலையிட்டபோது என்ன நடந்தது? 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டரசு தமிழ்99 விசைப்பலகையையும் டேம், டேப் என்ற இரு குறியேற்றங்களையும் ஏற்றது. விசைப்பலகை நன்றாக அமைந்தது. இந்தப் பதிவைக்கூட அதில்தான் தட்டுகிறேன். குறியேற்றம் நிலைக்கவில்லை. வெளிநாட்டுத் தமிழர்கள் டிஸ்கியில் இருந்தார்கள், அச்சகங்கள் தங்கள் பழைய எழுத்துருக்களிலேயே இருந்தன.

சோவியத் ஒன்றியத்தைப் பாருங்கள். அங்கே எல்லாம் திட்டமிட்ட பொருளாதாரம். 1974இலேயே ரஷ்ய எழுத்துக்கு அரசுத் தரமாகக் கோய்-8 வந்துவிட்டது. அருமையான வடிவமைப்பு அது. எழுத்தைக் குறிக்கும் எட்டு பிட்டுகளில் எட்டாவது வழியில் தொலைந்தாலும் செய்தியை ரோமன் ஒலிபெயர்ப்பாகப் படித்துவிடலாம். அப்படி இருந்தும் 1990களில் டாஸுக்கு ஓர் அட்டவணை, விண்டோஸுக்கு இன்னொன்று, மின்னஞ்சலுக்குக் கோய்-8 என்று ரஷ்யர்களும் நம்மைப் போலவே திண்டாடினார்கள். கடைசியில் இருவருக்கும் விடை தந்தது, உலக மொழிகளுக்குப் பொதுவான அட்டவணையான ஒருங்குறி (யூனிகோட்). அதை வகுப்பது 1991 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் பதிவு செய்யப்பட்ட, பெரும்பாலும் நிறுவனங்களே கூடி நடத்தும் கூட்டமைப்பு.

செங்காந்தள் (திங்கள் இரவு)

சோவியத் எடுத்துக்காட்டு வலுவானதுதான், மறுக்கவில்லை. ஆனால் 1990களில் அங்கே அந்த அரசே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு நினைவு வருவது சீனம். 1980இலேயே அங்கே தேசியத் தரம் வந்தது. 2000ஆம் ஆண்டு ஜிபி 18030 என்ற புதிய குறியேற்றத் தரம் வெளியானபோது, அதை ஏற்காத மென்பொருளை நாட்டுக்குள் விற்க முடியாது என்று சட்டம் சொன்னது. ஒருங்குறியின் எல்லா எழுத்துகளும் அதில் அடங்கும். உலகத்தோடும் ஒட்டியிருந்தார்கள், தங்கள் பிடியையும் விடவில்லை.

நமக்கு என்ன வாய்த்தது? ஒருங்குறியில் தமிழுக்குக் கிடைத்த 128 இடங்கள் இஸ்கி என்ற இந்திய அரசுத் தரத்தின் வழியே வந்தவை. இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே வார்ப்பில் அடுக்கியது இஸ்கி. வார்ப்பு தேவநாகரியைக் கருதிச் செய்தது. அதனால் மெய்யெழுத்து ‘க்’ எழுத இரண்டு குறிகள் வேண்டியிருக்கிறது. டேஸ்16 என்ற குறியேற்றம் அப்படிப்பட்டதன்று, தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி இடம் தந்தது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அதையும் ஏற்றது. நம் மொழியின் இலக்கணத்தை மதித்த அட்டவணை ஏன் ஓரத்தில் கிடக்கிறது என்று கேட்பது தவறா?

பனையோலை (செவ்வாய் காலை)

தவறில்லை, செங்காந்தள் ஐயா. ஒருங்குறியில் ‘அகர உயிர்மெய்’யே அடிப்படை. மெய் அதிலிருந்து புள்ளி வைத்துப் பிறக்கிறது. தொல்காப்பியம் படித்தவருக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். ஆனால் டேஸ்16 இருப்பது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில். அங்கே ஒரே எண்ணை யாரும் எதற்கும் வைத்துக்கொள்ளலாம். இன்று அதில் சேமித்தால், 25 ஆண்டு கழித்து இன்னொரு கணக்கர் இதே கேள்வியோடு வருவார். ஒருங்குறியில் ஒருமுறை தந்த எண்ணை மாற்றவோ நீக்கவோ மாட்டோம் என்று எழுத்தில் உறுதி இருக்கிறது. ஐயாவின் தீர்மானங்களுக்கு இப்போது அந்த உறுதிதான் வேண்டும்.

நெசவுக்கணக்கர் ஐயா, எழுத்துருப் பெயர் கிடைத்ததா?

நெசவுக்கணக்கர் (செவ்வாய் பகல்)

கிடைத்தது அம்மணி. பிந்தைய தொகுதி பாமினியேதான். நீங்கள் சொன்னபடி ‘தமிழ்’ அப்படியே பொருந்துகிறது. முந்தையதில் அந்த நிறுவனத்தின் பெயரும் ஓர் எண்ணும் வருகின்றன. டிஸ்கி, டேப் இரண்டுக்குமான மாற்றிகளில் ஒட்டிப் பார்த்தேன், வேறு குப்பைதான் வருகிறது.

பாமினிக் கோப்பு ஒன்றை மாற்றியில் கொடுத்தபோது தமிழ் வந்துவிட்டது. கண் கலங்கிவிட்டேன். ஆனால் மூன்று குறைகள். ஒன்று, ஆங்கிலத்தில் இருந்த நூல் ரகங்களும் வங்கிப் பெயர்களும் தமிழ்க் குப்பையாகிவிட்டன. இரண்டு, வெள்ளியங்கிரி என்ற பெயர் எல்லா இடத்திலும் ‘வௌ்ளியங்கிரி’ என்று வட்டத்தோடு நிற்கிறது. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு வெள்ளியங்கிரி உண்டு. மூன்று, வாக்கியத் தொடக்கங்களில் ‘தலைவர்’ என்பது ‘துலைவர்’ என்று வருகிறது.

பனையோலை (செவ்வாய் இரவு)

மூன்றுக்கும் காரணம் தெளிவாக இருக்கிறது, ஐயா.

முழுக் கோப்பையும் உரையாக ஒட்டி மாற்றினால் மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. லிப்ரே ஆஃபீஸில் திறந்து புதிய வேர்டு வடிவத்தில் சேமித்துக்கொண்டால், ஒவ்வொரு துண்டுக்கும் எந்த எழுத்துரு என்ற குறிப்பு கோப்புக்குள்ளேயே இருக்கும். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றுகிற சிறு நிரலைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரலகத்தில் மாற்று அட்டவணைகள் இருக்கின்றன. அதன் மேல்தான் கட்டினேன். ஒரே சொல் இரண்டு துண்டாக உடைந்திருந்தால் கொம்பு ஒன்றிலும் எழுத்து மற்றொன்றிலும் மாட்டிக்கொள்ளும். அதனால் அடுத்தடுத்த துண்டுகளை முதலில் சேர்த்துவிடுகிறேன்.

வெள்ளியங்கிரியின் சிக்கல் பாமினியில் மட்டும் உள்ளதன்று. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ‘ள’வுக்கும் ஒரே வடிவம், ஒரே விசை. கொம்பு, வ, ள என்று வரும்போது அது ‘வௌ’வா ‘வெள’வா என்று எந்திரத்துக்குத் தெரியாது. பல இணையதளங்களில் ‘வௌியீடு’ என்று உடைந்து கிடப்பது இதனால்தான். ஔகாரத்துக்குப் பின் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது தமிழில் இருக்கவே முடியாது. அங்கெல்லாம் ‘ெ’ + ‘ள’ என்று மாற்றிவிடலாம். ‘கௌரி’ போன்றவற்றை நீங்கள்தான் கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

‘துலைவர்’ வேர்டு செய்த வேலை. வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும் வசதி அன்று இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பாமினியில் சிறிய ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. அதேபோல் ‘மனு’ என்பது ‘முனு’ ஆகியிருக்கும். பட்டியல் ஒன்று தந்தால் சேர்த்துவிடுகிறேன்.

கண்மாய்க்கரை (செவ்வாய் இரவு)

பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்தவன். அரசா சந்தையா என்று இரண்டு நண்பர்களும் மோதுவதைப் பார்க்கும்போது, மூன்றாவதாக ஒன்று நம் கண் முன்னாலேயே நடக்கிறதே என்று தோன்றுகிறது. பனையோலை எழுதிய நிரலுக்கு அரசாணையும் இல்லை, விலையும் இல்லை.

எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் அப்படித்தான் வாழ்ந்தன. குடிமராமத்து என்று பெயர். யார் தண்ணீர் எடுக்கிறார்களோ அவர்களே கரை கட்டவும் வரத்துக்கால் வெட்டவும் ஆள் அனுப்ப வேண்டும். பொதுச்சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்பது பாடநூல் வாதம். நேபாளம், ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் பாசனங்களை எடுத்துக்காட்டி அதை எதிர்த்தவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பெற்றார். மதுரைத் திட்டத்தையும் பாருங்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தொடங்கினார். உலகெங்கும் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். டிஸ்கியில் இருந்தவை பின்பு ஒருங்குறிக்கு வந்தன. குறியேற்றம் மாறியபோதும் நூல்கள் அழியவில்லை, மாற்றி எழுத ஆட்கள் இருந்தார்கள்.

செங்காந்தள் (புதன் காலை)

கண்மாய்க்கரை ஐயா, உங்கள் மேல் மதிப்போடு சொல்கிறேன். குடிமராமத்தை இவ்வளவு இனிமையாகச் சொல்ல முடியாது. 1858இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் எதற்கு? கரைக்கு ஆள் வரவில்லை என்றால் கட்டாயப்படுத்துவதற்கு. அதற்கு முன்பும் கரையில் மண் சுமந்தது யார், வரப்பில் குடை பிடித்து நின்றது யார்? மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டி பெரும்பாலும் தலித். ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டவருக்குச் சொந்த நிலம் இருந்ததா? பொது என்ற சொல்லுக்குள் யாருடைய உழைப்பு மறைகிறது என்று கேட்காமல் அதைக் கொண்டாடக் கூடாது.

சந்தைமேடு (புதன் காலை)

இந்த இடத்தில் நான் செங்காந்தளோடு நிற்கிறேன். மென்பொருள் உலகின் நீர்க்கட்டிகளைப் பாருங்கள். இணையத் தொடர்பை மறையாக்கிக் காக்கும், இணைய வணிகம் பெருமளவில் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தை ஒரு சிறு குழுதான் சொற்பப் பணத்தில் பராமரித்து வந்தது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை அதில் வெளிவந்த பிறகுதான் பெரிய நிறுவனங்கள் பையைத் திறந்தன. அதற்குப் பிறகும் பாடம் முடியவில்லை. எக்ஸ்இசட் என்ற சிறு சுருக்கு நிரலகம் களைத்துப்போன ஒரே பராமரிப்பாளரின் தோளில் இருந்தது. உதவுவதுபோல் வந்த ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழையப் பின்வாசல் ஒன்றைப் பொருத்திவிட்டார். 2024 மார்ச்சில் ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டியதால் அது பிடிபட்டது.

இலவசம் என்பதற்கு யாரோ விலை கொடுக்கிறார்கள். விலையை வெளிப்படையாக வைக்கும் ஏற்பாடு என்பதால்தான் நான் சந்தையை விரும்புகிறேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குறியேற்றம் மற்றச் சரக்குகளைப் போன்றதன்று. சட்டை வாங்கினால் அடுத்த முறை வேறு கடைக்குப் போகலாம். பத்தாண்டுத் தீர்மானத்தை ஓர் அட்டவணையில் எழுதிவிட்டால் வெளியேற வழியில்லை. வெளியேற முடியாத இடத்தில் போட்டி வேலை செய்யாது. அட்டவணை பொதுவாகவும், அதன் மேல் எழுத்துருவும் மென்பொருளும் விலைக்கும் இருந்திருந்தால் சங்கமும் பிழைத்திருக்கும், அந்த நிறுவனமும் பிழைத்திருக்கக்கூடும்.

கண்மாய்க்கரை (புதன் இரவு)

செங்காந்தள் சொன்னது உண்மை, ஏற்கிறேன். என் தாத்தா கரை வைத்திருந்தவர். மடை திறந்தவர் அல்லர். அந்தப் பக்கத்திலிருந்தே நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நீர்க்கட்டிக்குக் களத்தில் நெல் அளந்த ஊர்களில், அறுவடை அளக்கும் முன்பே அந்தப் பங்கை ஒதுக்கிவிடுவார்கள். அது தானமாகக் கொடுத்ததன்று, உரிமையாக அளந்தது. அந்த அளவை நின்ற ஊர்களில் மடையும் தூர்ந்துபோனதைக் கண்டிருக்கிறேன். ஊர் வேலை என்று சொல்லிக்கொண்டு நீர்க்கட்டியின் பங்கை விழுங்கினால் அந்தக் கண்மாய் ஊருக்குச் சொந்தமாக இருந்து பயனில்லை. பராமரிப்பவரின் கூலி முதலில் என்றால், பொதுவாக வைத்திருப்பதற்கு நான் இன்னும் வாதாடுவேன்.

பனையோலை (வியாழன் காலை)

என் பங்கைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். அப்பாவின் கடிதங்களுக்காகத் தொடங்கிய வேலை இது. ஆனால் என்னைப் போன்றவர்கள் பிள்ளை பெற்றாலோ வேலை மாறினாலோ நிரல் அப்படியே நின்றுவிடும். அந்த அச்சம் உண்மையானது.

ஐயா, முந்தைய தொகுதிக்கு ஒரு வழி தோன்றுகிறது. அந்த மென்பொருளில் தட்டச்சு செய்து, அச்சிட்டு, நனையாமல் தப்பிய தாள் ஏதாவது இருக்கிறதா? ஒரே உரை அச்சிலும் கோப்பிலும் இருந்தால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு அட்டவணையை நாமே எழுதிவிடலாம்.

நெசவுக்கணக்கர் (வியாழன் பகல்)

இருக்கிறது. 1998ஆம் ஆண்டுப் பேரவைக்காக அடித்த ஆண்டறிக்கை. என் மனைவி பழைய பாத்திரப் பெட்டிக்கு அடியில் விரித்து வைத்திருந்தார். 24 பக்கம், ஒன்றும் குறையவில்லை. நாளை தொடங்குகிறேன்.

நெசவுக்கணக்கர் (அடுத்த புதன்)

ஐந்து நாளும் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். இடப்பக்கம் குறி, வலப்பக்கம் எழுத்து. பேரனுக்குப் பள்ளி விடுமுறை. அவன் வாசிக்க நான் எழுதினேன். ‘ஙு’, ‘ஞூ’ போன்றவை அறிக்கையில் வரவே இல்லை. அந்த இடங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. அம்மணியின் நிரலில் அட்டவணையைச் சேர்த்து 1999ஆம் ஆண்டுக் கோப்பை ஓடவிட்டோம். ஜூலை மாதத் தீர்மானம், நான்காவது பொருள். அவர் பெயர், தறி எண், பிடித்தம் தொடங்கிய மாதம் எல்லாம் இருக்கின்றன. அச்செடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கணவர் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டு, அங்கே விரலை வைத்துப் பார்த்தார்.

கணக்குப் பத்தியில் ஒரு குறி அம்மணிக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தார். கணக்கருக்குப் புரியும்: அது ௸, மேற்படி. நாங்கள் வரிக்கு வரி எழுதியது.

அட்டவணையை யாரும் எடுத்துக்கொள்ளும் உரிமத்தோடு இங்கே இணைத்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் கோப்பில் இல்லை, எழுத்துருவின் எண் மட்டும் இருக்கிறது. சங்கத்தில் பேசி, நிரலைப் பராமரிப்பதற்கென்று ஆண்டுக்கு ஒரு தொகையைச் செலவுத் தலைப்பில் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். அடுத்த குழுக் கூட்டத்தில் வருகிறது. தானம் என்று எழுத வேண்டாம், கூலி என்று எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கண்மாய்க்கரை ஐயாவுக்கு நன்றி.

பனையோலை (அடுத்த புதன்)

௸ ஒருங்குறியில் 2003 முதல் இருக்கிறது ஐயா, பற்று, வரவுக் குறிகளும்கூட. அட்டவணையில் சேர்த்துவிட்டேன். விரல் வைத்துப் பார்த்த அந்த அம்மாவை நினைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறேன்.

கூறைநாடு (அடுத்த வியாழன்)

புதிதாக வருகிறேன். வணக்கம். நாங்களும் நெசவாளர் சங்கம்தான். இணைத்த அட்டவணையைப் பார்த்ததும் எழுத்துரு எண் எங்களுடையது என்று தெரிந்தது. 1996 முதல் 2000 வரையிலான கோப்புகள் ஃப்ளாப்பிகளில் இருக்கின்றன, மொத்தம் 38. யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று இரவல் கிடைத்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

நெசவுக்கணக்கர் (அடுத்த வியாழன்)

‘ஙு’, ‘ஞூ’ எங்காவது கண்ணில் பட்டால் குறித்து வையுங்கள் ஐயா. ஃப்ளாப்பியைச் செருகும் முன்பு மூலையில் உள்ள சிறு தாழை நகர்த்தித் துளையைத் திறந்துவிடுங்கள். துளை திறந்திருந்தால் கணினி அதில் எழுதாது, படிக்க மட்டும் செய்யும்.